வாடகைக்கு இருப்பவர் கேட்காமல் செய்த வேலை, கீழ்வீட்டில் ஓதம்: யார் பொறுப்பு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரை எல்லீஸ் நகர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீடு உங்களுடையது. கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கோயம்புத்தூரில் இருப்பதால் வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். குடியிருப்பவர் உங்களிடம் கேட்காமல் மூன்று வேலை செய்திருக்கிறார். பாத்ரூம் சுவரையும் தரையையும் கொத்திப் பழைய ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) எடுத்துவிட்டு சிபிவிசி எனும் பிளாஸ்டிக் பைப் போட்டார். பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷினுக்குக் குழாயும், தண்ணீர் வெளியேற ஒரு பைப்பும் இழுத்தார். ஏசிக்காக ஹாலில் மேலே ஒரு துளை போட்டார். இப்போது முதல் மாடி வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஓதம் அடித்துக் காரை பெயர்ந்து விழுகிறது. அசோசியேஷன் செயலாளர் உங்களைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார். குடியிருப்பவரோ, "உங்க வீட்டுக்குத்தான சார் செலவு பண்ணியிருக்கேன்" என்று 38,000 ரூபாயை வாடகையில் கழிக்கச் சொல்கிறார். "நான் சொல்லாத வேலைக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரருக்கும் கட்டடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது ஒன்று. கடைசியில் பணம் யார் கையிலிருந்து போக வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதுக்கு விடை பெரும்பாலும் நீங்கள்தான். இரண்டாவதுக்கு விடை வேலைக்கு வேலை மாறும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த மாதிரி விவகாரங்கள் வருடக்கணக்கில் இழுக்கின்றன. அதற்குள் கீழ்வீட்டுக் காங்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துவிடுகிறது.

நான் சிவில் இன்ஜினியர். மதுரையில் பழைய அடுக்குமாடிகளில் கசிவு, விரிசல், காங்கிரீட் பழுது பார்ப்பதுதான் பல வருடமாக என் தொழில். என் அறிக்கைகள் வக்கீல் நோட்டீஸோடும் வழக்கோடும் சேர்ந்து போவதால் சட்டத்தில் இந்தப் பகுதியைப் படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் நான் வக்கீல் இல்லை. கட்டடத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முதலில் கீழ்வீடு. உங்கள் பாத்ரூம் தரையை உடைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு அனுமதி கொடுக்கும் உரிமை உங்களுக்குத்தான் இருக்கிறது. அசோசியேஷன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவரும் நீங்கள்தான். குடியிருப்பவர் அசோசியேஷனில் உறுப்பினர் இல்லை, அவரோடு அவர்களுக்கு ஒப்பந்தமும் கிடையாது. அதனால் செயலாளர் உங்களைக் கூப்பிட்டதில் தவறு ஒன்றும் இல்லை. கசிவை நிறுத்தும் வேலையை நீங்கள் முன்னின்று செய்தாக வேண்டும். "அவன் செய்தான், அவனிடம் போய்க் கேளுங்கள்" என்ற பதில் அங்கே எடுபடாது. இதுவரை எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வருவது அடுத்த படியில். கீழ்வீட்டுக்காரருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு, அதாவது பெயர்ந்த பூச்சு, பாழான பெயிண்ட், நனைந்த கப்போர்டு இதற்கெல்லாம் நஷ்ட ஈடு நீங்கள் தர வேண்டுமா, குடியிருப்பவர் தர வேண்டுமா? கவனக்குறைவாக வேலை செய்தவர், அந்த இடத்தைத் தன் வசம் வைத்திருப்பவர், கசிவு தெரிந்தும் சும்மா இருந்தவர் என்று மூன்று பேர் மீதும் பொறுப்பு விழலாம். வழக்கு என்று வந்தால் கீழ்வீட்டுக்காரரின் வக்கீல் உங்கள் இருவரையும்தான் சேர்ப்பார். வேலை நடந்ததே உங்களுக்குத் தெரியாது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் அது கசிவு உங்கள் காதுக்கு வரும் வரைக்கும்தான் உதவும். செயலாளர் சொன்ன நாளிலிருந்து நீங்கள் கைகட்டி இருந்தால், அதற்குப் பிறகு வருகிற சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்ல அவர்களுக்கு வலுவான காரணம் கிடைத்துவிடும்.

இப்போது உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான கணக்கு. இதில் நமக்கு ஓரளவு தெளிவான சட்டம் இருக்கிறது. பழைய 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று சொல்லும் அதே சட்டம்தான். அதன் 15வது பிரிவு பழுதுபார்ப்பைப் பற்றியது. இரண்டாவது அட்டவணையில் எது யார் வேலை என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர் பைப் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், குழாய், கழிவுநீர் அடைப்பு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பக்கம். கட்டமைப்புப் பழுதாகவே இருந்தாலும், குடியிருப்பவர் செய்த சேதத்தால் வந்தது என்றால் அது உரிமையாளர் தலையில் விழாது.

இந்தப் பட்டியலோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் மூன்று வேலைகளும் மூன்று விதமானவை.

முதலில் பைப். மதுரையில் மாநகராட்சித் தண்ணீர் வருகிற நேரம் போக மீதி நேரத்துக்கு போர் தண்ணீர்தான். பல பகுதிகளில் அதில் உப்பு அதிகம். இருபது வருடத்துப் ஜிஐ பைப்பை அறுத்துப் பார்த்தால் அரை அங்குல பைப்புக்குள் பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருக்கும். மீதியெல்லாம் துருவும் வெள்ளைப் படிவும். ஷவரில் தண்ணீர் நூலாக வரும். எனவே பைப்பை மாற்ற வேண்டிய அவசியம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அது அட்டவணைப்படி உங்கள் வேலை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, பைப் அடைத்திருக்கிறது" என்று அவர் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார், நீங்கள் "பார்க்கலாம்" என்று பதில் போட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள் என்று. உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த வரிதான்.

1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதைப் பற்றி அவருக்குத் தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரர் தானே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2017 சட்டமும், உரிமையாளர் மறுத்தால் வாடகைதாரர் செய்து வாடகையில் கழிக்கலாம் என்கிறது. நீங்கள் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டீர்கள். தள்ளிப்போட்டது மறுத்ததற்குச் சமமா என்பது வாதத்துக்குரிய விஷயம். எத்தனை நாள் இடைவெளி, வேறு பாத்ரூம் இருந்ததா, தண்ணீர் குறைவாக வந்ததா அல்லது வரவே இல்லையா என்பதைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் சாயலாம். ஆனால் "அவர் என்னிடம் சொல்லவே இல்லை" என்று மட்டும் நீங்கள் சொல்ல முடியாது. வேலைக்கு அனுமதி கேட்கவில்லை என்பது வேறு, பழுதைத் தெரிவிக்கவில்லை என்பது வேறு. அவர் முதலாவதைச் செய்யவில்லை, இரண்டாவதைச் செய்திருக்கிறார்.

அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு எதிராக இருப்பது போலத் தோன்றினாலும் அதில் தேதி இருக்கிறது, அவர் பாத்ரூம் பைப்பைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை என்பதற்கும் அதுதான் சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்ட ஒரு சான்று கேட்கிறது. எனவே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு போனை விற்றுவிடுவது புத்திசாலித்தனம் இல்லை.

சரி, பைப் மாற்றியது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். வேலை எப்படி நடந்தது என்பது தனிக் கேள்வி. இது போன்ற அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாப்பை மற்ற அறைகளைவிடத் தாழ்வாகப் போட்டிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பார்கள். அதன் மேல் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு பூச்சு, அதற்கு மேல் பைப்புகள், பிறகு செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ். தரையைக் கொத்துகிறவர் அந்தப் பூச்சில் சிறு கீறல் போட்டாலே போதும், தண்ணீர் அந்த ஜல்லிக்குள் தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். சுவரில் மட்டும் கொத்தியிருந்தால் இந்தப் பயம் குறைவு. இன்னொரு வழக்கமான கோளாறு, சிபிவிசி பைப்பை ஒட்டிய பசை காய நேரம் கொடுக்காமல் அன்றைக்கே தண்ணீரைத் திறந்துவிட்டு, அழுத்தச் சோதனை செய்யாமலே டைல்ஸ் ஒட்டி மூடிவிடுவது. நல்ல பிளம்பர் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கொத்தனாரை மூடச் சொல்வார். உங்கள் குடியிருப்பவர் கொண்டுவந்த பிளம்பர் அதைச் செய்தாரா என்று கேளுங்கள். வேலை தேவையானதாக இருந்தாலும், ஆளைத் தேர்ந்தெடுத்தவரும் மேற்பார்வை பார்த்தவரும் அவர். மோசமான வேலையால் வந்த சேதம் அவர் கணக்கில் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம், நான் பார்த்தவரை சமரசங்களும் அப்படித்தான் முடிகின்றன.

ஆனால் கசிவு அந்த வேலையால்தான் வந்தது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. வேலை நடந்தது, அப்புறம் ஓதம் வந்தது, எனவே வேலையால்தான் ஓதம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இருபது வருடத்துப் பூச்சு தானாகவே போயிருக்கலாம். தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பைச் சுற்றி இடைவெளி விழுந்திருக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவர் விரிசல் வழியாக ஈரம் இறங்கியிருக்கலாம். ஷாஃப்ட்டில், அதாவது பைப்புகள் மேலிருந்து கீழே இறங்கும் இடைவெளியில், போகிற பொதுக் கழிவுநீர் பைப்பின் இணைப்பு விட்டிருக்கலாம், அப்படியானால் அது அசோசியேஷன் செலவு. இதைப் பிரித்தறியாமல் யார் காசு கொடுத்தாலும் அது இருட்டில் கொடுப்பதுதான்.

பிரித்தறிவது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. நான் முதலில் கீழ்வீட்டு பாத்ரூமில் டார்ச் லைட்டோடு நிற்பேன். மேல் வீட்டுக்கு மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் வால்வை இரவு முழுக்க மூடச் சொல்வேன். காலையில் சொட்டு நின்றிருந்தால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் பைப்பில் கசிவு, அதாவது புதிதாகப் போட்ட பைப் மீது சந்தேகம். வால்வு மூடியும் சொட்டு தொடர்ந்தால், ஜல்லிக்குள் ஏற்கெனவே தேங்கிய தண்ணீராகவும் இருக்கலாம் என்பதால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பிறகு வால்வைத் திறந்து, தரையில் ஊற்றாமல் வாஷ்பேசினில் மட்டும் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். அதற்கடுத்து நஹானி ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, அதில் கொஞ்சம் சாயம் கலந்து, ஒரு நாள் விட்டுவிடுவோம். கீழே சாயம் கலந்த ஈரம் வந்தால் தரைப் பூச்சு போய்விட்டது. அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியே விடும்போது மட்டும் ஈரம் வந்தால் கழிவுநீர் இணைப்பு. சீலிங்கில் பெயராமல் இருக்கும் பூச்சை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் காங்கிரீட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தில் திடமான சத்தமும், விட்டுப்போன இடத்தில் பொள்ளென்ற சத்தமும் கேட்கும். அந்த எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்தால் சேதத்தின் அளவு தெரிந்துவிடும். மழை இல்லாத நாட்களில் இந்தச் சோதனைகளைச் செய்வது நல்லது.

ஓதம் புதிதா பழையதா என்பதற்கும் தடயம் உண்டு. சீலிங்கில் உப்புப் பூத்து, மரத்து வளையங்கள் மாதிரி பழுப்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் பல தடவை நனைந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பி துருவேறி வீங்கிக் காங்கிரீட்டைத் தள்ளியிருந்தால் அது சில வாரத்துக் கசிவாக இருக்காது. ஆனால் எந்த மாதத்தில் தொடங்கியது என்று துல்லியமாகச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அப்படிச் சொல்லும் அறிக்கையை நம்பாதீர்கள்.

இரண்டாவது வேலை, வாஷிங் மெஷின் பைப். இது பழுதுபார்ப்பே இல்லை, அவர் வசதிக்காகச் செய்தது. இதற்கு ஒரு ரூபாய்கூட நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. காலி செய்யும்போது அவர் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இடத்தைக் குடிவந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து தர வேண்டும். அதே 108வது பிரிவு இதையும் சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று. பால்கனியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மழைநீர் பைப்தான். பிளம்பர்கள் சுலபமாக அதில் இணைத்துவிடுவார்கள். கீழே மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருந்தால் சோப்புத் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கும், குழி இல்லையென்றால் கார் நிறுத்தும் இடத்தில் நுரை ஓடும். அது பொதுப் பைப், எல்லா உரிமையாளர்களுக்கும் பங்கு உள்ள இடம். அப்படி இணைத்திருந்தால் அசோசியேஷன் கேட்கும் முன்பே கழற்றச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது வேலையை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. "ஹாலில் மேலே, சுவரும் சீலிங்கும் சேருமிடத்துக்குக் கொஞ்சம் கீழே" துளை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுக்குமாடிகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் பீம்தான், அதாவது பாரம் தாங்கும் காங்கிரீட் உத்தரம்தான், ஓடும். செங்கல் சுவரில் போட்ட துளை என்றால் பிரச்சினை இல்லை. பீமில் என்றால், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய துளை, கம்பி அறுந்ததா என்று பார்க்க வேண்டும். பீமின் நடுப்பகுதியில், உயரத்தின் மையத்தில், கம்பி அறுபடாமல் போன சின்னத் துளை பெரும்பாலும் ஆபத்தில்லை. தூணுக்குப் பக்கத்தில், அல்லது அடிப்பாகத்தில் கம்பியை அறுத்துக்கொண்டு போயிருந்தால் விஷயம் வேறு. உங்கள் வர்ணனையை வைத்துக்கொண்டு இதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்க வேண்டும். அதுவரை அந்தத் துளையைச் சிமென்ட் வைத்து அடைக்க விடாதீர்கள். அடைத்துவிட்டால் உள்ளே என்ன அறுந்தது என்று தெரியாமலே போய்விடும். பீம் உங்கள் வீட்டுக்குள் தெரிந்தாலும் அது தாங்குவது மொத்தக் கட்டடத்தையும். அதில் கை வைக்கும் உரிமை குடியிருப்பவருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் தன்னிச்சையாகக் கிடையாது. பீமில்தான் துளை என்று உறுதியானால் அசோசியேஷனுக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை. பார்க்கும் செலவும் சரிசெய்யும் செலவும் குடியிருப்பவருடையது.

இந்த இடத்தில் ஒத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் இதே கேள்வியைக் கேட்பவர்களில் நிறையப் பேர் வீட்டை வாடகைக்கு இல்லாமல் ஒத்திக்கு விட்டவர்கள். மொத்தமாக சில லட்சம் வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்க விடுவது, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தருவது. ஒத்திக்கு இருப்பவருக்கு இது தன் வீடு என்ற எண்ணம் வந்துவிடுவது இயல்பு. சுவரை இடிப்பது, கிச்சன் மேடையை மாற்றுவது எல்லாம் அங்கேதான் அதிகம் பார்க்கிறேன். வாடகையே இல்லாததால் வாடகையில் கழிப்பது என்ற பேச்சும் இல்லை, கடைசியில் ஒத்திப் பணத்தோடு சேர்த்துக் கேட்பார்கள். முறையாக அனுபவ அடமானமாகப் பதிவு செய்திருந்தால் சொத்து மாற்றச் சட்டத்தின் 63ஏ, 76 ஆகிய பிரிவுகள் வரும். அதன்படி, சொத்து அழியாமல், கெட்டுப்போகாமல் காப்பாற்றத் தேவையான வேலை என்றால் செலவைக் கேட்க வழி உண்டு. அழகுக்காகவும் வசதிக்காகவும் செய்ததைப் பொதுவாக உரிமையாளர் தலையில் கட்ட முடியாது. சொத்துக்கு நிரந்தரச் சேதம் செய்யவும் கூடாது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான ஒத்திகள் முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு நிற்கின்றன. அது அடமானமா, வாடகையா, வெறும் கடனா என்பதிலேயே வழக்கு தொடங்கும். உங்களுடையது மாத வாடகை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தில், "உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வீட்டில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சடித்த படிவங்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் வாஷிங் மெஷின் விஷயத்திலும் துளை விஷயத்திலும் உங்கள் நிலை உறுதியாகிவிடும். பைப் விஷயத்தில் அது அவ்வளவு உதவாது, ஏனென்றால் அது மாற்றம் இல்லை, நீங்கள் செய்ய வேண்டிய பழுது என்று அவர் சொல்ல முடியும். இந்த வரி இல்லாவிட்டாலும், வாடகைதாரர் உரிமையாளர் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எதுவும் எழுப்பக்கூடாது, கட்டடத்தைச் சேதப்படுத்தக்கூடாது என்று 108வது பிரிவே சொல்கிறது.

கோபத்தில் செய்யக்கூடாத சில காரியங்கள் உண்டு. குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள், அசோசியேஷனையும் நிறுத்த விடாதீர்கள். 2017 சட்டம் அதை வெளிப்படையாகத் தடுக்கிறது, அவர் வாடகை அதிகாரியிடம் போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொன்ன வால்வுச் சோதனையைக்கூட அவரிடம் சொல்லி, வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்ன பிறகே செய்யுங்கள். அவர் இல்லாத நேரத்தில் மாற்றுச் சாவி போட்டு உள்ளே போகாதீர்கள். பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அட்வான்ஸ் முழுவதையும் பிடித்து வைப்பேன் என்று மிரட்டாதீர்கள். உண்மையான சேதத்துக்கான தொகையை ரசீதோடு கழிக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. இந்த விவகாரம் அதிகாரி முன் போனால் அந்தக் கேள்வியும் எழும் என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல, அவரும் நீங்கள் ஒத்துக்கொள்ளாத 38,000 ரூபாயைத் தானாக வாடகையில் பிடித்துக்கொண்டு மாதாமாதம் கொடுக்காமல் இருந்தால் வாடகை பாக்கி என்ற நிலைக்குத் தன்னைத் தள்ளிக்கொள்கிறார். அதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது என்பதும் வழக்குக்கு வழக்கு மாறும். உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் என்றால் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம். கீழ்வீட்டுக்காரர் நஷ்ட ஈடு கேட்டால் அது சாதாரண உரிமையியல் நீதிமன்றம். பிளம்பர் வேலையில் குறை என்றால் 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அவரை வேலைக்கு வைத்துப் பணம் கொடுத்தவர் குடியிருப்பவர் என்பதால் அந்தப் புகாரை அவர்தான் கொடுப்பது நல்லது, ரசீதும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமோ சமரச மையம் மூலமோ மூன்று தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க முடிந்தால் நேரமும் பணமும் மிச்சம். தொகை சில பத்தாயிரங்கள்தான் என்பதால் இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு சனி ஞாயிறு பார்த்து மதுரைக்கு வாருங்கள். வருவதற்கு முன் குடியிருப்பவருக்கும், கீழ்வீட்டுக்காரருக்கும், செயலாளருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: இன்ன நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பார்வையிடலாம், சோதனை செய்யலாம், யாரும் எதையும் இதற்கிடையில் மூடவோ உடைக்கவோ வேண்டாம். யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஓர் இன்ஜினியரைக் கூட்டி வாருங்கள். அவர் செலவை மூன்று பேரும் பகிர்ந்துகொண்டால் அவர் சொல்வதை மூன்று பேரும் ஏற்பார்கள். முதல் நாள் வால்வை மூடி, அடுத்தடுத்த சோதனைகளைச் செயலாளரும் கீழ்வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம். பார்த்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். "இதுதான் காரணம்" என்று எழுத வேண்டாம், "இன்ன சோதனையில் இன்ன இடத்தில் ஈரம் வந்தது" என்று மட்டும் எழுதுங்கள். அதற்குக் கையெழுத்துப் போட யாரும் தயங்க மாட்டார்கள்.

அதன்பின் கணக்கு ஓரளவு தானாகவே பிரியும். புது பைப்புக்கும் அதைப் போட்ட கூலிக்கும் நியாயமான தொகை எவ்வளவு என்று வேறு இரண்டு பிளம்பரிடம் விசாரித்து, அந்த அளவை நீங்கள் ஏற்றுக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன். அந்தப் பைப் உங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறது, கேட்டபோது நீங்கள் செய்து கொடுக்கவும் இல்லை. அவருடைய 38,000 ரூபாயில் வாஷிங் மெஷின் வேலையும் துளை போட்ட கூலியும் கலந்திருக்கலாம், பிரித்துத் தரச் சொல்லுங்கள். கசிவு புது பைப் இணைப்பிலோ கொத்திய தரையிலோ என்று வந்தால் அதைச் சரிசெய்யும் செலவும் கீழ்வீட்டுச் சேதமும் அவருடையது. அவரிடம் கை இருப்பு இல்லையென்றால் நீங்கள் முதலில் செலவழித்து, எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்து, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். கொத்தாத இடத்துப் பழைய பூச்சு போயிருக்கிறது என்று வந்தால் அது உங்களுடையது, அதில் அவரை இழுக்காதீர்கள். இரண்டும் கலந்து வந்தால், என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது, பேசித்தான் பங்கு போட வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் அவசரப்படுவார், உடனே பூசிப் பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்பார். அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள், கசிவு நின்ற பிறகும் ஸ்லாப்பும் ஜல்லியும் குடித்த தண்ணீர் காயச் சில வாரங்கள் ஆகும், அதற்கு முன் பூசினால் மறுபடி உப்புப் பூத்து உதிரும் என்று. தலையில் விழக்கூடிய தளர்ந்த பூச்சை மட்டும் இப்போதே தட்டி எடுத்துவிட்டு, கம்பி தெரிந்தால் துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடித்து விடலாம். மீதி வேலைக்கான மதிப்பீட்டைச் சீலிங் காய்ந்த பிறகு எடுங்கள். அப்போதுதான் எவ்வளவு பரப்பு உண்மையில் கெட்டிருக்கிறது என்று தெரியும். பீம் துளையின் படத்தை, பக்கத்தில் ஒரு டேப்பைப் பிடித்து, தூணிலிருந்து எவ்வளவு தூரம், பீமின் அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரியும்படி எடுத்துப் போடுங்கள். எவ்வளவு அவசரமாக ஆள் கூப்பிட வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.